கனகா ஸ்பெஷல் நைட் கிரீம்

பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால், முந்தின நாளின் பார்லர் துண்டுகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுவது அழகுபாண்டியின் வேலை. வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஆனால் பப்பாளியும் முல்தானி மட்டியும் தலைக்கு அடிக்கிற கறுப்பு டையும் ஏறிய துண்டுகளை அதில் போட்டால், அடுத்ததாக உள்ளே போகிற அவருடைய காக்கிச் சட்டையும் ஹெர்பல் ஆகிவிடுகிறது. அதனால் குத்தவைத்து உட்கார்ந்து கையால்தான் கசக்குவார். 'பெண்களுக்கு மட்டும்' என்று வாசலில் போர்டு தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து சொந்த வீட்டுக்குள் அவர் முன்பக்கமாக நுழைந்ததில்லை. சந்தைச் சுற்றிவந்து பின்கதவைத் தட்டி, "நான்தான்" என்று குரல் கொடுத்து, முகத்தில் களிம்போடு யாரும் உள்ளே நடமாடவில்லை என்பது உறுதியான பிறகுதான் அவருக்குச் சோறு.

"ஏங்க, அந்த ரோஸ் துண்டத் தனியா அலசுங்க. அது பிரைடல்" என்று கீழேயிருந்து கத்துவாள் கனகலட்சுமி.

"ஏன், கல்யாணப் பொண்ணு அழுக்குக்குத் தனி ரேட்டா?"

"தனி ரேட்டுதான். பேசாம அலசுங்க."

கனகலட்சுமி சும்மா இருக்கிற ரகம் இல்லை. கீழக்குயில்குடியிலிருந்து வாக்கப்பட்டுத் திருநகர் வந்தவள், முதலில் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தாள். அப்புறம் இட்லி மாவு ஆட்டி விற்றாள். தெருவில் ஐந்தாவது ஆளும் மாவு விற்க ஆரம்பித்ததும், டவுனில் மூன்று மாத பியூட்டிஷியன் கோர்ஸ் ஒன்று படித்துவிட்டு வந்து, வீட்டின் முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டு, கனகா ஹெர்பல் பியூட்டி கேர் என்று பெயர் வைத்தாள். மாடியறை எழும்பியதும், மகள் பிருந்தா நல்ல காலேஜில் சேர்ந்ததும் அந்த நாற்காலியின் புண்ணியத்தில்தான். பஸ் ஓட்டுகிற சம்பளத்தில் பஸ்தான் ஓடும் என்று அழகுபாண்டியே சொல்வார்.

கனகலட்சுமியின் கைராசி அந்த வட்டாரத்தில் பிரசித்தம். பழ ஃபேஷியல் என்றால் அந்த வாரம் எந்தப் பழம் மலிவோ அந்தப் பழம். கோல்ட் ஃபேஷியலில் தங்கம் எங்கே என்று இதுவரை ஒருத்தி கேட்டதில்லை. நகைக்கடையில் செய்கூலி, சேதாரத்துக்காக அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிற அதே பெண்கள், இங்கே கண்ணை மூடி மல்லாந்து படுத்து, வெள்ளரித் துண்டு இரண்டை இமைமேல் வாங்கிக்கொண்டு, எழுந்து கண்ணாடியைப் பார்த்து, "கலர் வந்திருக்குல்ல?" என்று தாங்களே கேட்டு, "வந்திருக்கு" என்று தாங்களே சொல்லிக்கொண்டு போவார்கள். மூஞ்சியை அரைமணி நேரம் தேய்த்தால் யாருக்கும் சிவக்கத்தான் செய்யும் என்பதைக் கனகலட்சுமி எதற்குச் சொல்லப் போகிறாள்?

ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியது ஃபேஷியல் இல்லை. கனகா ஸ்பெஷல் நைட் கிரீம். அது பிறந்த கதை சுவாரசியமானது. ஒரு கோடையில் அவள் கழுத்தில் அரிப்பு வந்து, மெடிக்கல் கடைக்காரர் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அரிப்பு போயிற்று. கூடவே, தாலிச்சரடு உரசி உரசி ஏறியிருந்த கறுப்பும் போயிற்று. கழுத்துக்கு ஆகிறது கன்னத்துக்கு ஆகாதா? ட்யூபைப் பிதுக்கி, சோற்றுக்கற்றாழை ஜெல்லில் குழைத்து, பன்னீர் விட்டு, சின்ன டப்பாக்களில் அடைத்து, மேலே ஒரு இழை குங்குமப்பூ வைத்தாள். அந்த இழைதான் ஹெர்பல்.

ஏமாற்ற வேண்டும் என்று செய்தவள் இல்லை. பூசினவர்கள் பத்து நாளில் பளபளத்தார்கள்; பளபளத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பூசுவதை நிறுத்தினால் முகம் எரிந்து, சிவந்து, பருவாகப் பொங்குவதையும் பார்த்தாள். அதற்கும் அவளிடம் கணக்கு இருந்தது.

"விட்டா வருது பாத்தீகளா? போட்டா அடங்குது. அப்ப போடுறது நல்லதா, விடுறது நல்லதா?"

இப்படிக் கேட்டால் யார்தான் விடுவார்கள்? திருநகரில் பாதிப் பேர் விடவில்லை.

பிருந்தாவுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது நெற்றியில் நாலைந்து பரு வந்தது. அந்த வயதில் எல்லாருக்கும் வருகிறதுதான். ஆனால் பார்லர்க்காரி மகளுக்கு வரலாமா? மளிகைக் கடைக்காரர் வீட்டில் பருப்பு இல்லாத மாதிரி அல்லவா ஆகிவிடும்? ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைசி வாடிக்கையாளர் போனதும் மகளை நாற்காலியில் சாய்த்து, ஆவி பிடிக்க வைத்து, நுனியில் வளையம் உள்ள ஊசியால் ஒவ்வொரு பருவாக அழுத்தி எடுத்து, மேலே ஃபேஸ் பேக் போட்டு, ராத்திரிக்குக் கிரீமும் தடவினாள். முதல் மூன்று மாதம் பிருந்தாவின் முகம் விளம்பரப் பலகை மாதிரி இருந்தது. "இந்தா, எம்மகளப் பாருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு காட்டவில்லை. கன்னமெல்லாம் சிவந்து, தோல் மெலிந்து, அதன்மேல் கொத்துக் கொத்தாகப் பரு. பரு கூடக் கூட ஃபேஷியலும் கூடியது. ஃபேஷியல் கூடக் கூடப் பரு. கொரோனா போய் வருஷக்கணக்கான பிறகும் மாஸ்க் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போகிற ஒரே பெண் பிருந்தாதான். கடைசி வருஷத்தில் ஒரு பேங்க் வேலைக்கான நேர்முகத்தில் மாஸ்க்கை எடுக்கச் சொன்னார்கள் என்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"எனக்கு ஸ்கின் டாக்டர்ட்ட போகணும்."

"எதுக்கு? ஆத்தா நான் ஒருத்தி இருக்கேன்ல?"

"நீ இருக்கதாலதாம்மா போகணும்."

கனகலட்சுமிக்கு மகளின் முகத்தைவிட வேறொரு கவலை. பார்லர்க்காரி மகளைக் கூட்டிக்கொண்டு தோல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால்? யோசித்து, திருநகர்க்காரர் எவரும் எட்டிப் பார்க்காத இடமாக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லூரைத் தாண்டி ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தாள். தறிச் சத்தம் கேட்கிற சந்துகளுக்குள் ஆட்டோ நுழைந்து நுழைந்து போனபோது, பரம திருப்தி.

கிளினிக்கில் நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. எல்லாரும் துப்பட்டாவாலும் முந்தானையாலும் முகத்தை மூடியிருந்தார்கள். மூலையில் இருந்த ஒரு முந்தானை மட்டும் சற்று விலகி உடனே மூடிக்கொண்டது. அதற்குள் அடையாளம் தெரிந்துவிட்டது: விஜயம் டீச்சர். திருநகரில் மூன்றாவது தெரு, ரிட்டயர் ஆனவர், மாதம் தவறாத வாடிக்கை, நைட் கிரீமில் இரண்டு டப்பா.

இனி மறைய இடமில்லை. இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

"என்ன டீச்சர், இந்தப் பக்கம்?"

"கால்ல ஒரு சின்ன சொறிடி கனகா. நீ?"

"முடி கொட்டுது டீச்சர்."

"யாருக்கு?"

"வீட்ல எல்லாருக்கும்."

"கொட்டும், கொட்டும். தண்ணி அப்படி" என்றார் டீச்சர், முந்தானையை மூக்குவரை ஏற்றிக்கொண்டு. காலில் சொறி வந்தவர் எதற்கு மூஞ்சியை மூட வேண்டும் என்று கனகலட்சுமி கேட்கவில்லை. தலைமுடி கொட்டுகிறவள் எதற்கு மாஸ்க் போட்ட மகளைக் கூட்டிவந்தாள் என்று டீச்சரும் கேட்கவில்லை. இப்படி ஒருவரையொருவர் மதித்து நடந்துகொள்வதால்தான் நம் சமூகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டாக்டரம்மா விளக்கைக் கன்னத்தருகே கொண்டுவந்து பார்த்தார்.

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமே போடல டாக்டர்" என்றாள் கனகலட்சுமி.

"ஒண்ணுமே போடாம இப்படி ஆகாதும்மா."

"ஹெர்பல்தான். சோத்துக்கத்தாழ."

டாக்டரம்மா மகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெயில்ல போனா எரியுதா? ரெண்டு நாள் போடாம விட்டாப் பொங்குதா? திரும்பப் போட்டா அடங்குதா?"

பிருந்தா மூன்றுக்கும் தலையாட்டினாள்.

"இது கத்தாழை செய்யற வேலை இல்ல. ஸ்டீராய்டு. கரப்பானுக்கு, அரிப்புக்குக் கொஞ்ச நாள் போடுற மருந்து. அத மூஞ்சிக்கு மாசக்கணக்காப் பூசினா தோல் காகிதமாயிடும், பரு வெடிக்கும். அது போதாதுன்னு ஊசி வச்சு நோண்டி நோண்டித் தழும்பு வேற. எந்தப் பார்லர்?"



"திருநகர் பக்கம்" என்றாள் பிருந்தா.

"அங்கேயிருந்துதான் எனக்கு வந்துக்கிட்டே இருக்காங்க. அந்தம்மா மட்டும் ஒருநாள் என் முன்னால வந்து உக்காரட்டும். நல்லாக் கேக்கணும்னு இருக்கேன்."

முன்னால் உட்கார்ந்திருந்த கனகலட்சுமி, "ஆமா டாக்டர். இப்பல்லாம் கண்டவுகளும் பார்லர் வச்சிர்றாக. கேக்க ஆளில்ல" என்றாள்.

கிரீம், ஃபேஷியல், ஆவி, ஊசி எதுவும் கூடாது. மாத்திரையும் ஜெல்லும் வெயிலுக்குப் போடுகிற கிரீமும்தான். முதலில் இன்னும் மோசமாகும், பயப்படக்கூடாது. ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இவ்வளவையும் டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்.

ஆட்டோ ஆற்றுப் பாலம் ஏறியது. "ஊரச் சொல்லணுமாடி?" என்றாள் கனகலட்சுமி.

"பேரச் சொல்லலைல?" என்றாள் பிருந்தா.

டாக்டரம்மா சொன்னது பலித்தது. இரண்டாவது வாரம் பிருந்தாவின் முகம் வீங்கிச் சிவந்து, மாஸ்க்கின் ஓரமே உரசிப் புண்ணானது. மகள் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே கனகலட்சுமிக்கு மாத்திரம் பேச ஒரு விஷயம் கிடைத்தது. "டாக்டர்ட்ட போனதுக்குப் பெறகுதான் இம்புட்டு மோசமாச்சு" என்று ஐப்ரோ நூலைப் பல்லில் கடித்தபடியே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "இங்கிலீஷ் மருந்து ஒரே சூடு." கணவரிடம் வேறு மாதிரி. "எல்லாம் உங்க வழித் தோலு. எங்க வீட்ல யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

"எங்க வழித் தோலுக்கு என்னடி? எங்க அப்பன் சாகுறவரைக்கும் பவுடர்கூடப் போட்டதில்ல."

"அதான். டீசல் ஊறுன தோலு."

அழகுபாண்டி மகளுக்குப் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மகளிடம் அவர் எதுவும் கேட்பதில்லை. டம்ளர் காலியாகும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்.

டாக்டரம்மாவின் பேச்சு கனகலட்சுமிக்குள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த முறை கிரீம் குழைத்தபோது, ஒரு டப்பாவுக்கு முழு ட்யூப் போடுவதற்குப் பதில் அரை ட்யூப் போட்டாள். மனசாட்சி அரை ட்யூப் அளவுக்கு வேலை செய்தது.

ஆவணியில் அவளுடைய தம்பி நல்லகாமனின் மகள் செல்லக்கிளிக்குப் பூ வைத்தார்கள், தையில் கல்யாணம். கீழக்குயில்குடி வீட்டில் சொந்தபந்தம் நிறைந்திருக்க, ஆளாளுக்கு அது செய்கிறேன், இது செய்கிறேன் என்று சபையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனகலட்சுமி எழுந்து, "எம்மருமக மூஞ்சி என் பொறுப்பு. மணமேடைல மாப்பிள்ள வீட்டுக்காரக வாய பொளக்கணும். அதான் அத்த சீரு" என்றாள். கைதட்டல். சொன்ன வாய்க்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே! தட்டில் வளையலுக்கும் ஆப்பிளுக்கும் நடுவில், ஏற்கனவே எடுத்து வந்திருந்த இரண்டு டப்பா நைட் கிரீமை வைத்தாள். அரை ட்யூப்தானே, அதுவும் கல்யாணம் வரைக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிருந்தா அன்று வரவில்லை. அந்த முகத்தோடு எங்கே வருவாள்? டப்பா கைமாறியது அவளுக்குத் தெரியாது.

ஐப்பசி மழை பிடிக்கிற நேரத்தில் பிருந்தாவின் முகம் அடங்கத் தொடங்கியது. முதலில் சிவப்பு இறங்கியது. அப்புறம் பரு வற்றியது. தழும்பு சில நின்றுவிட்டன. ஆனாலும் ஒருநாள் மாஸ்க் போடாமலே கீழே இறங்கி வந்து, கடைக்குப் போய்த் தயிர் வாங்கிவந்தாள். அழகுபாண்டி தயிர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்னவோ அதிசயம் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

விஜயம் டீச்சர் மறுபடியும் வர ஆரம்பித்திருந்தார், புருவம் திருத்த மட்டும். அவர் கன்னமும் தெளிந்திருந்தது. உள்ளே போன பிருந்தாவைப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாகக் கேட்டார்.

"பிருந்தா மூஞ்சி பளிச்சுனு ஆயிடுத்தே கனகா! என்ன போட்டே?"

"நம்ம ஃபேஷியல்தான் டீச்சர். வேறென்ன?"

"அதானே பார்த்தேன்" என்றார் டீச்சர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

டீச்சரே வந்து ஒத்துக்கொண்ட பிறகு கனகலட்சுமிக்குத் தைரியம் வந்துவிட்டது. பிருந்தாவின் தாடை மறுபடியும் விளம்பரத்துக்கு வந்தது. தம்பிக்குப் போன் போட்டும், "பிருந்தாவுக்குத் தெளிஞ்சிருச்சு. நம்ம கைதான்" என்று சொன்னாள்.

"அம்மா, பேசாம அந்த மாத்திரைக்கும் உன் பேர வச்சு வித்துரு" என்றாள் பிருந்தா.

"வாயாடாத. ஊருக்குச் சொல்றதுதான?"

ஊருக்குச் சொன்னது கீழக்குயில்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம், தம்பி மனைவி இருளாயி பை நிறைய மொச்சைக்காயோடு வந்து இறங்கினாள். கடையில் கனகலட்சுமியையும் பிருந்தாவையும் தவிர யாருமில்லை. பிருந்தா நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். இருளாயி பையைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஆத்தாடி! வழுவழுன்னுல இருக்கு. மதினி, உங்க கைக்குத் தங்கத்துல காப்புப் போடணும்." பிறகு குரலை இறக்கினாள். "நம்ம கிளிக்குத்தான் மதினி ஒரே பாடா இருக்கு. நீங்க குடுத்த டப்பா ரெண்டும் தீந்துபோச்சா, மூஞ்சியெல்லாம் எரியுதுங்குறா. செவந்து, கொப்புளமாக் கெளம்பிருச்சு. துண்டப் போட்டு மூடிக்கிட்டுப் படுத்தே கெடக்குறா. தைக்கு இன்னும் எம்புட்டு நாளு இருக்கு? ஒரு நாலு டப்பா குடுங்க."

பிருந்தா போனைக் கீழே வைத்தாள். "எந்த டப்பா அத்த?"

"உனக்குப் போட்டதுதான் தாயி. பூ வச்சப்பத் தட்டுல வச்சு உங்க ஆத்தா குடுத்துச்சே."

பிருந்தா அம்மாவைப் பார்த்தாள். கனகலட்சுமி கண்ணாடி பக்கம் திரும்பினாள். அங்கேயும் பிருந்தாதான் இருந்தாள்.

"கிரீமு வேணாம் இருளாயி."

"ஏன் மதினி?"

"அவளுக்கு ஒத்துக்கல. டாக்டர்ட்ட காட்டுவோம்."

"பிருந்தாவுக்கு ஒத்துக்கிட்டது எம்மகளுக்கு ஒத்துக்காதா? ரெண்டும் ஒரே ரத்தந்தான?"

"பிருந்தாவுக்கும் ஒத்துக்கல." கனகலட்சுமி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அவ மூஞ்சி கெட்டதே அந்தக் கிரீமாலதான். நாந்தான் கெடுத்தேன். தெளிஞ்சது டாக்டர் மருந்துல."

அவ்வளவு நேராக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. பிருந்தாவே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இருளாயி மட்டும் அசரவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போன மாசம் உங்க தம்பிட்ட நம்ம கைதான்னு போன்ல சொன்னீக?"

"பொய் சொன்னேன்."

"அப்பச் சொன்னது பொய்யி, இப்பச் சொல்றது நெசம்? குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க மதினி. கதை எதுக்குக் கட்டுறீக?"

"அத்த, சத்தியமா அம்மா சொல்றதுதான் உண்மை" என்று பிருந்தா எழுந்தாள். "நான் மருந்து சாப்பிட்டுத்தான் சரியாச்சு. இருங்க, மாத்திர அட்டயக் காட்டுறேன்."

"யாரு வீட்லதான் மாத்திர இல்ல? நீயும் உங்க ஆத்தாளும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றீக." இருளாயி மூக்கைச் சிந்தினாள். "எனக்குத் தெரியும் மதினி. கல்யாணப் பத்திரிகைல உங்க வீட்டு அண்ணன் பேரு மேல வராம கீழ எறங்கிருச்சுல்ல, அந்தக் கோவம். அச்சடிச்சவன் செஞ்ச தப்புக்கு எம்மக மூஞ்சிலயா பழி தீக்குறது?"

"பத்திரிக கெடக்குது! யாருடி அதப் பாத்தா? இருளாயி, நான் சொல்றதக் கேளு, அது விசம்."

"விசமா?" இருளாயி அலமாரியைக் கைகாட்டினாள். அங்கே குங்குமப்பூ இழை தெரிய, டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. "அந்தா அடுக்கி வச்சிருக்கீகளே, அம்புட்டும் விசமா? ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கலாம், தம்பி மகளுக்கு மட்டும் விசமா?"

கனகலட்சுமி போய் அலமாரிக் கண்ணாடியைத் திறந்து டப்பாக்களை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். வெளியே எடுப்பது தனக்குத்தானோ என்று ஒரு நொடி பார்த்த இருளாயி, இல்லை என்று தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு மொச்சைக்காயைத் தரையில் கொட்டினாள். காலிப் பையை உதறி மடித்தாள்.

"செல்லூர்ப் பக்கம் ஒரு டாக்டரம்மா இருக்காக. நல்ல கைராசி. ஆரு பாத்தாலும் பரவால்ல, நானே கூட்டிட்டுப் போறேன். நாளைக்குக் காலைல வாரேன், கிளிய ரெடியா இருக்கச் சொல்லு" என்றாள் கனகலட்சுமி. இருளாயி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "இருளாயி, இன்னும் கொஞ்சம் விட்டா வடு விழுந்துரும். அனுப்புவேல்ல?"

இருளாயி செருப்பை மாட்டி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனாள்.